பதினான்கு டிகிரி தள்ளி நிற்கும் வாசல்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இரண்டு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சட்டைப்பை வேர்வையிலும் உழைத்துத் தேய்ந்த எனது கைப்பேசியின் கறுப்பு உறை, இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்து, நான்கு மூலையில் மூன்று மூலை பிய்ந்து காலமானது. அன்னாரின் இறுதி ஊர்வலம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொடங்கிக் குப்பைக் குழியில் நிறைவடையும்.

இப்படித்தான் ஆரம்பித்தேன். 'காலமானது' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஐந்து மாதம் முன்பு வரை அந்தச் சொல்லை வைத்து விளையாட எனக்கு முழு உரிமை இருந்தது. அதற்குப் பிறகு அதை பஸ் நிறுத்தச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், உன் அடையாள அட்டைப் படத்துக்குக் கீழே, கண்ணீர்த் துளி படம் போட்டு. அந்தப் படத்தில் உனக்குக் காது ரெண்டும் தனியாகத் தெரிகிறது. நீயே பார்த்திருந்தால் நாலு நாள் சிரித்திருப்பாய். அந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அடிக்க விட்டிருக்க மாட்டாய். அதனால் அந்த வரி அப்படியே கிடக்கட்டும்.

உறை பிய்ந்தது ஒரு செய்தியே இல்லைடா. உறைக்குள்ளிருந்து கல்லில் 'டிக்' என்று ஒன்று விழுந்தது, அதுதான் செய்தி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பாய், தட்டையாய், ஒரு பக்கம் உடைந்த விளிம்போடு. உன் பென்சில் பாக்ஸ் காந்தத்தின் பாதி.

ஏழாம் வகுப்பில் உன் மாமா வாங்கித் தந்த பாக்ஸ் அது. மூடியைக் கிட்டே கொண்டுபோனாலே 'டப்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும். வகுப்பு முழுக்க அந்த 'டப்'புக்காக உன் பின்னால் திரிந்தோம். ப்ளஸ் ஒன் வந்தபோது பாக்ஸ் உடைந்தது, காந்தம் மிஞ்சியது. நீ அதைக் கல்லில் வைத்துச் சரிபாதியாக உடைத்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினாய். "இந்தா, பாகப்பிரிவினை" என்றாய். நீ ஜோக் அடிப்பது வருடத்துக்கு ஒருமுறைதான். அந்த வருடத்து ஜோக் அது.

உன் பாதி உன் சைக்கிள் மணியில் ஒட்டிக்கொண்டது. என் பாதியைப் போன் உறைக்குள் செருகினேன். பஸ்ஸில் போனை ஜன்னல் கம்பியில் ஒட்டவைத்துவிட்டுக் கையை எடுத்தால் விழாமல் தொங்கும். இண்டூர் தாண்டுவதற்குள் நான்கு பேராவது "எப்படிப்பா ஒட்டுது?" என்று கேட்பார்கள். "மந்திரம்ங்க" என்பேன். நீ வெளியே பார்த்துக்கொண்டு தோள் குலுங்குவாய். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிற ஆள் நீ ஒருவன்தான்.

போனில் நீ செய்த கைவேலை வேறு ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக் கருப்பாட்டின் குரலைப் பதிந்து, எனக்குத் தெரியாமல் ரிங்டோனாக வைத்தாய். வேதியியல் வகுப்பில், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில், என் பையிலிருந்து 'ம்ம்ம்மே' என்று ஆடு கத்தியது. நான் வெளியே நின்றேன். நீ உள்ளே நல்ல பிள்ளையாகக் குறிப்பெடுத்தாய். குறும்பில் எனக்கு நீ குரு என்பது ஊருக்குத் தெரியாது. ஊருக்கு வால் நான்தான். உன் அம்மா என்னைக் கூப்பிடுவதே "ஏண்டா வாலு" என்றுதான்.

சரி, வாசலுக்கு வருகிறேன்.

போன வருடம் தை மாதம் உங்கள் நிலக்கடலைக் காட்டுக்கு நடுவில் வீடு கட்ட நூல் பிடித்த நாள். ஊருக்குள் என்றால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக் கோடு போட்டுவிடலாம். அங்கே பார்த்துப் போட ஒன்றுமே இல்லை. தெருவும் இல்லை, சுவரும் இல்லை. வாசல் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் உன் அப்பாவின் ஒரே ஆசை. கிழக்கு எது என்பதில்தான் சிக்கல்.

மேஸ்திரி ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர். பாதித் தமிழ், கால் கன்னடம், மீதிக் கால் வெற்றிலை. கடப்பாரையை நட்டு அதன் நிழலை உற்றுப் பார்த்தார்.

"தை மாசம் சூரியன் தெக்கால தள்ளித்தாங்க ஏறும். அதனால நெழலை அப்படியே புடிக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளிப் புடிக்கணும்" என்றார்.

"ஒரு சாணுன்னா யாரு சாணுங்க மேஸ்திரி?" என்று கேட்டார் உன் அப்பா. "உங்க சாணா, எஞ்சாணா?"

இந்த இடத்தில் ஒரு அறிவாளி வாயைத் திறந்தான். ஒன்பதாம் வகுப்பு வரை வடக்கு என்றால் வடையும் கிழக்கு என்றால் கிழங்கும் மட்டுமே நினைவுக்கு வந்த அதே அறிவாளி.

"பெரீப்பா, சாணு கீணு எல்லாம் எதுக்குங்க? எங்கிட்ட போன் இருக்குது. டிகிரி சுத்தமாச் சொல்லிடும்."

"டவரே இல்லாத காட்டுல போன் என்னாப்பா சொல்லும்?" என்றார் மேஸ்திரி.

"திசைக்கு டவர் வேணாங்க மேஸ்திரி. பூமியே ஒரு பெரிய காந்தம். அது இழுக்கிற பக்கத்தை இது உள்ளேர்ந்தே கண்டுபிடிச்சிடும். நெட்டு இல்லைன்னாலும் காட்டும்."

உண்மையைத்தான் சொன்னேன், அறிவியல் முழுக்கச் சரி. போனைத் தட்டையாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சாமி தூக்குகிறவன் மாதிரி நடு மனையில் போய் நின்றேன். உன் அப்பா, அம்மா, மேஸ்திரி, இரண்டு சித்தாள்கள், கருப்பாடு, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். திரையில் வட்டம் சுழன்றது. அதற்கு மேலே ஒரு சின்னச் செய்தி வந்தது. கூடவே எட்டு போட்ட மாதிரி ஒரு படம். போனைக் காற்றில் எட்டு மாதிரி ஆட்டு, அருகில் ஏதோ குறுக்கிடுகிறது என்று அர்த்தம்.

டேய், அத்தனை பேர் முன்னால் பேயோட்டுகிறவன் மாதிரி போனை ஆட்டச் சொன்னால் யார் ஆட்டுவார்கள்? அந்தச் செய்தியைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளினேன். வட்டம் நின்றது. "இதாங்க கிழக்கு!" என்று கையை நீட்டினேன்.

மேஸ்திரி என் கையைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். "இவ்வளவு தள்ளாதுங்களே" என்றார்.

"போன் சொல்லுதுங்களே" என்றார் உன் அப்பா, பெருமையோடு. அவருக்கு இருந்தது பட்டன் போன்.

"சரிங்க. போன் சொன்னா போன் மேல பாரம்." மேஸ்திரி முளை அடித்தார். நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நீ. சுண்ணாம்புப் பொடிக் கோடு விழுந்ததும் அவர் கையைத் தட்டிக்கொண்டு, "ஆய்த்து" என்றார். வேலை முடிந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நான் நடந்த நடை உனக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடையில் யாராவது வழி கேட்டால்கூட போனை எடுத்து, "வடமேற்கில் நாற்பது அடி போங்க" என்பேன். கடை எதிரிலேயே இருக்கும். மேஸ்திரியையே திருத்தியவன் என்று என் புகழை நானே பரப்பினேன். நீ ஒருமுறைகூட அதைக் குறைத்துப் பேசவில்லை. "அவன் காட்டலைன்னா எங்க வூடு குண்டக்க மண்டக்க நின்னிருக்கும்" என்று எடுத்துக்கூடக் கொடுத்தாய்.

பங்குனியில் சுவர் எழும்பி, வாசக்கால் வைத்து, மேலே கூரை இன்னும் போடாத ஒரு காலை. நீ சைக்கிளில் வந்து என்னை இழுத்துப் போனாய். உள்ளே நிறுத்தினாய். "பங்குனி மொத வாரத்துல சூரியன் நேர் கிழக்குல உதிக்கும்னு நீதானே சொன்னே?" என்று கேட்டாய். வாசல் வழியாக வெயில் உள்ளே வந்தது. நேர் எதிர்ச் சுவரில், சாமி மாடத்துக்கென்று விட்டிருந்த குழியில் விழ வேண்டிய வெயில். அது சாய்ந்து போய் வடக்குச் சுவரில் ஏறி நின்றது.

நான் சொன்ன முதல் விளக்கம், "சூரியன் கொஞ்சம் தப்பா உதிச்சிருக்கும்டா."

நீ சிரிக்கவில்லை. "போனை எடு" என்றாய். எடுத்தேன். "கவரைக் கழட்டு" என்றாய். கழற்றினேன். ஊசி சரசரவென்று திரும்பிப் போய் வேறொரு இடத்தில் நின்றது. கவரைப் போட்டால் அங்கே, எடுத்தால் இங்கே. இரண்டுக்கும் நடுவில் பதினான்கு டிகிரி. எட்டு போடச் சொல்லி மறுபடி செய்தி வந்தது. அதைப் பார்த்ததும்தான் நீ சிரித்தாய். "இதுக்கும் எட்டா? எங்கப்பா லைசென்ஸுக்கு எட்டு போட்டு மூணு தடவை ஃபெயிலுடா."

நான் சிரிக்கவில்லை. ஒரு வீட்டையே கோணலாக நிறுத்தியிருக்கிறேன். கடைக்கால் போட்டாயிற்று, சுவர் எழுந்தாயிற்று, இனித் திருப்ப முடியாது. "உங்கப்பாகிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது, நீ வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

நீ என்னை வாசலுக்கு இழுத்தாய். "இங்க நில்லு. நேராப் பாரு. என்னா தெரியுது?"

காடு, வரப்பு, இரண்டு பனை. அதற்கப்பால் எங்கள் வீட்டு மாடியும் மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும்.

"சரியான கிழக்குன்னா மொட்டைக் கரடுதான் தெரிஞ்சிருக்கும். அந்தப் பாறைக்குன்றைப் பாத்து நான் என்னா பண்றது?" என்றாய். கவருக்குள் காந்தத்தை நீயே திருப்பிச் செருகினாய். "அக்யூஸ்டு இருந்த எடத்துலயே இருக்கட்டும். யாருகிட்டயும் சொல்லாத."

ஆவணியில் குடி போனீர்கள். அதற்குப் பிறகு காலையில் பஸ்ஸுக்குக் கிளம்ப நமக்குப் போனே தேவைப்படவில்லை. நீ வாசலில் நின்று சில்வர் தட்டை வெயிலில் பிடிப்பாய். அந்த வெளிச்சம் எங்கள் தொட்டியில் வந்து இரண்டு முறை மின்னும். கிளம்பு என்று அர்த்தம். மூன்று முறை மின்னினால், வீட்டுப்பாடம் செய்யவில்லை, உன்னுடையதைக் கொண்டு வா என்று அர்த்தம். பெரும்பாலும் மூன்று முறைதான் மின்னும். நானும் செய்திருக்க மாட்டேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் தட்டு மின்னவில்லை, அவ்வளவுதான் என்று இருந்தேன். மூன்றாம் நாள் டெங்கு என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் சொல் வைத்திருக்கிறவன் நான். அந்த வாரத்துக்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை.

உன்னை அந்த வாசல் வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். அன்றிலிருந்து உன் அம்மா அந்த வாசலை மிதிக்கவில்லை. தண்ணீர் எடுக்க, காட்டுக்குப் போக, கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் சமையல்கட்டுப் பின்வாசல்தான். வாசலுக்கு எதிரில் அவர் நட்டிருந்த சாமந்தி நாற்றை நினைத்துப் பார். உங்கள் கருப்பாடு அதன் பக்கம் தலையைத் திருப்பினாலே விளக்கமாற்றைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் பறந்து வருவாரே, அந்தச் சாமந்தி. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்தது. ஆட்டையும் உன் அப்பா விற்றுவிட்டார். விளக்கமாறு மட்டும் முன்கதவுக்குப் பின்னால் அதே இடத்தில் சாய்ந்திருந்தது.

பத்து நாள் முன்பு காரிமங்கலத்திலிருந்து உன் அத்தை வந்தார். உன் அப்பாவின் அக்கா. அவருடைய குரலுக்கும் டவர் தேவையில்லை. மறுபடியும் பங்குனி. காலையில் நடு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், சாய்ந்து விழுந்த வெயிலைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டா தம்பி, வாசல் கோணி நிக்குதேடா! கெழக்கும் இல்லாம வடக்கும் இல்லாம. அதாண்டா புள்ளைய வாரிகிட்டுப் போயிடுச்சு!"

பிறகு தினமும் அதுதான் பேச்சு. வாசக்காலைப் பெயர்த்து எடுத்துச் சுவருக்குள்ளேயே திருப்பி நேராக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் தங்கச்சிக்கும் ஆகாது என்று. கடைசி வார்த்தையில் உன் அப்பா பயந்துவிட்டார். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார். "கண்ணு தெரியாதவரு எதுக்குங்க கட்டட வேலைக்கு வர்றீங்க?" மேஸ்திரி தலையைக் குனிந்து நின்றுவிட்டு, "வந்து பேத்துத் தர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். எங்கள் அம்மா நேற்று சாயங்காலம் இதைச் சொல்லும்போது நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சோறு கூழாகிவிட்டது.

ஒன்று கேட்கவா? வாஸ்து கீஸ்து எல்லாவற்றையும் நக்கல் அடித்தவன்தான் நான். பல்லி விழும் பலனை மாற்றி எழுதிக் காலண்டரில் ஒட்டியவன். ஆனால் பரீட்சைக் கூடத்தில் உன் எண்ணுக்கு உரிய பெஞ்சு காலியாகக் கிடந்தபோது, எனக்குள் ஒரு குரல் வேறு மாதிரி கணக்குப் போட்டது. வாசல் கோணியதால் நீ போனாய் என்றால், வாசலைக் கோண வைத்தது யார்? அதற்கு மேல் யோசிக்காமல் இருக்கத்தான் ஐந்து மாதமாக விடாமல் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். நம்பாத ஒன்றுக்குக்கூட இவ்வளவு பயப்பட முடியும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லைடா.

அப்படி இருக்கும்போதுதான் இன்று காலை உறை விழுந்தது, காந்தம் விழுந்தது. 'அக்யூஸ்டு' வெளியே வந்துவிட்டது. நான் மட்டும் உள்ளே இருந்தால் எப்படி?

போனையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு, வரப்பில் சிங்கம் மாதிரி நடந்தேன். மேஸ்திரி உளியும் சுத்தியலுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். அத்தை இடுப்பில் கைவைத்து நின்றார். உன் அப்பா கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாசலை அல்ல. முதல் அடி விழுவதற்கு முன்னால், "நிறுத்துங்க!" என்றேன், கணீரென்று. அந்தக் குரலைக் கேட்டு, ஐந்து மாதமாக முன்வாசலை மிதிக்காத உன் அம்மா, மிதித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கோணல் மேஸ்திரி போட்டது இல்லைங்க. நான் போட்டது" என்றேன். போனைத் தரையில் வைத்தேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், எடுத்தேன், கொண்டுபோனேன். ஊசி போய்ப் போய் வந்தது. கவருக்குள் காந்தம் இருந்தது, போன் எச்சரித்தது, நான் தள்ளிவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். நீயும் நானும் பங்குனியில் கண்டுபிடித்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, திசை காட்ட வந்தவன் திக்கித் திக்கி நின்றேன்.

மேஸ்திரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"போன பங்குனியிலயே தெரியும். இந்த வூட்டுப் புள்ள சைக்கிளை உருட்டிகிட்டு எங்கிட்ட வந்துச்சுங்க. 'மேஸ்திரி, கோணல் உங்களுது இல்ல, எங்களுது. எங்கப்பா என்னிக்காவது கேட்டா எம்பேரைச் சொல்லிடுங்க, அவன் பேரு மட்டும் வேணாம்'னுச்சு. சரின்னேன். இப்ப போன புள்ள பேரை எந்த வாயாலங்க நான் சொல்றது?"

நீ என்னிடம் சொல்லவே இல்லையேடா. 'யாருகிட்டயும் சொல்லாத' என்று எனக்குச் சொல்லிவிட்டு, நீ போய்ச் சொல்லியிருக்கிறாய். உன் பேருக்கு அந்த மனிதர் இத்தனை நாள் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஐந்து மாதமாக நான் ஒளிந்திருந்தது உங்கள் இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் என்று அப்போதுதான் புரிந்தது.

அத்தை விடவில்லை. "காந்தமோ கீந்தமோ, கோணல் கோணல்தானே? பேத்துப் போடுங்க!"

"கோணல் எத்தனைடா?" என்று கேட்டார் உன் அப்பா. என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"பதினாலு டிகிரிங்க பெரீப்பா. வடக்கால."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. வாசலுக்கு நடுவில் போய் நின்று பதினான்கு டிகிரி பக்கம் பார்த்தார். எங்கள் தொட்டி தெரிந்திருக்கும்.

உன் அம்மாதான் பேசினார். "இருக்கட்டுங்க அண்ணி. எம்புள்ள தெரிஞ்சேதான் இந்த வாசல்ல நின்னிருக்கான். தட்டைத் தூக்கிகிட்டு தெனமும் இங்கதானே நிப்பான். இதைப் பேத்துட்டா, நான் அவனை எந்த எடத்துல நெனைக்கிறது?"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் கேட்டுவிட்டேன். "பெரீம்மா, என்னாலயா?" என்று. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏண்டா வாலு, கொசு வாசல் வழியாத்தான் வருமா? ஜன்னல் இல்லையா?" என்றார். சொல்லிவிட்டு, அதைத் தனக்கே யாரோ சொன்னது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு காய்ந்த சாமந்திப் பாத்தியைப் பார்த்து, "அதுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்து போ. சும்மாதானே நிக்கிறே" என்றார்.

ஊற்றினேன். மூன்று குடம். செத்த செடிக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி சாமானைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, "ஆய்த்து" என்றார்.

இப்போது வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். போனுக்குப் புது உறை போடவில்லை. காந்தத் துண்டு சட்டைப்பையில் தனியாக இருக்கிறது. இனித் திசை பார்க்க வேண்டுமென்றால் அதை எடுத்துப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, போனைத் தூக்கிக் காற்றில் எட்டு போடுவேன். டீக்கடைக்கு முன்னால்கூட. "என்னாப்பா, பேய் புடிச்சிடுச்சா?" என்பார்கள். ஆமாங்க என்பேன்.

கையெழுத்துப் போட்டு முடிக்கலாம் என்று பார்த்தால் நீ தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது மாதிரியே இருக்கிறது. நான் அளந்துவிடும்போதெல்லாம் காட்டிக்கொடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாயே, அந்த முகத்தோடு. சரிடா, சரி. சொல்லித் தொலைக்கிறேன்.

'நிறுத்துங்க' என்று நான் சொல்லவில்லை. சிங்கம் மாதிரி போனது வரப்பு வரைக்கும்தான். அத்தையைப் பார்த்ததும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். முதல் அடி விழுந்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அடி விழுந்தது. பூச்சு பெயர்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. உங்கள் வாசக்காலுக்கு இடது பக்கம் இப்போது இரண்டு வடு இருக்கிறது. இரண்டும் என்னுடையவை. வீட்டுக்கு நைசாகத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

டவரே இல்லாத அந்தக் காட்டில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் மட்டும் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் அம்மா போன் செய்தாள், இட்லி ஆறிப்போகிறது என்று. மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து, காடே அதிர, உங்கள் கருப்பாடு 'ம்ம்ம்மே' என்று கத்தியது.

உள்ளே எதுவோ உருளுகிற சத்தம். அடுத்த நொடி உன் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்த விளக்கமாற்றைப் பறித்துக்கொண்டு, மேஸ்திரியையும் அத்தையையும் தாண்டி, முன்வாசல் வழியாகப் பறந்து வந்தார். சாமந்திப் பாத்தி வரைக்கும் வந்துவிட்டார். அங்கே ஆடும் இல்லை, சாமந்தியும் இல்லை.

"வித்த ஆடு எங்கேர்ந்துடா வந்துச்சு?" என்றார், போனும் கையுமாக எழுந்து நின்ற என்னைப் பார்த்து. பிறகுதான் திரும்பி, தான் எந்த வழியாக வந்தோம் என்று பார்த்தார்.

ஆக, உன் அம்மாவை வெளியே கூட்டி வந்தது என் கணீர்க் குரல் இல்லை. உன் ஆடு.